வெள்ளம் புகுந்த வாடகை வீடு: வெளியேறினால் மட்டும் வாடகை நிற்காது

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில், வேளச்சேரியில் நாங்கள் குடியிருந்த தரைத்தள வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் ஏறியது. நானும் அம்மாவும்தான். பொருள் போனது ஒரு பக்கம் என்றால், அதற்குப் பிறகு கொடுத்த அட்வான்ஸைத் திரும்ப வாங்க நான் பட்ட பாடு இன்னொரு பக்கம். வெள்ளத்தில் எப்படித் தப்பிப்பது என்று சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். வாடகை வீடு வெள்ளத்தில் கெட்டுப் போனால் ஹவுஸ் ஓனரிடம் என்ன பேசுவது, எதை எழுதிக் கொடுப்பது, எந்தத் தேதியில் கொடுப்பது என்று எனக்குச் சொல்ல ஆள் இல்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டிசம்பர் 3 ராத்திரி ஆரம்பித்த மழை 4ஆம் தேதி முழுக்க விடவில்லை. முதலில் பாத்ரூம் வழியாகத்தான் தண்ணீர் உள்ளே வந்தது, வாசல் வழியாக இல்லை. சாக்கடை எதிர்த்து ஏறினால் அப்படித்தான் வருமாம். கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள், போன் டவரும் போய்விட்டது. அம்மாவை மாடிக்கு ஏற்றினேன். ஓனர் குடும்பம் மாடியில்தான் குடியிருந்தது. ஆன்ட்டி கேஸ் அடுப்பில் உப்புமா கிண்டிக் கொடுத்தார், பாய் விரித்துப் படுக்க வைத்தார். இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நான் சொல்லப்போவதைப் படித்தால் அவர்களை ஏதோ ஈவிரக்கமில்லாதவர்கள் என்று நினைத்துக்கொள்வீர்கள். அப்படி இல்லை. பணம் என்று வரும்வரை ரொம்ப நல்லவர்கள்.

தண்ணீர் வடிந்து கீழே இறங்கிப் பார்த்தபோது வீடு முழுக்கக் கறுப்புச் சேறு. ஃப்ரிட்ஜ் மல்லாந்து கிடந்தது. வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் பேட்டரி, இலவம்பஞ்சு மெத்தை, பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த துணி எல்லாம் போச்சு. அம்மாவின் பட்டுப்புடவைகளில் சேறு ஊறிச் சாயம் ஒன்றோடொன்று கலந்திருந்தது. தோராயமாகக் கணக்குப் போட்டதில் பொருள் மட்டும் ஒன்றரை லட்சத்துக்கு மேல். சம்ப்பில் சாக்கடைத் தண்ணீர் கலந்துவிட்டது, மோட்டார் எரிந்துவிட்டது. சுவர் முழுக்க ஈரம், சுவிட்ச் போர்டைத் தொட பயம். மூச்சிரைப்பு இருக்கிற அம்மாவை வைத்துக்கொண்டு அங்கே ஒரு ராத்திரிகூடத் தங்க முடியாது என்பது பார்த்த உடனே தெரிந்தது. தோழியின் வீட்டில் சில நாள் இருந்துவிட்டு, அம்மாவைத் தூத்துக்குடியில் அக்கா வீட்டுக்கு ரயில் ஏற்றினேன். அங்கே போய்ச் சேர்ந்த அடுத்த வாரம், டிசம்பர் 17, 18இல், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தூத்துக்குடியும் முங்கியது. அக்கா வீடு மாடியில் என்பதால் பிழைத்தார்கள். அம்மா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வாடகை 14,000 ரூபாய். அட்வான்ஸ் ஒரு லட்சம். 11 மாத ஒப்பந்தம், முடிந்த பிறகு வாய்வார்த்தையாகவே நீட்டித்துக்கொண்டு இருந்தோம். சென்னையில் பாதிப் பேர் இப்படித்தான் இருக்கிறோம். ஜனவரி பிறந்ததும் ஓனரிடமிருந்து போன். "டிசம்பர் வாடகை இன்னும் போடலயேம்மா?" எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரவில்லை. "சார், நாங்க அங்க இல்லவே இல்லையே, வீடு இருக்கிற நெலமையில எப்படி சார் இருக்கிறது?" என்றேன். "இயற்கை பண்ணதுக்கு நான் என்னம்மா பண்ணுவேன்? உங்க சாமான் உள்ளதான இருக்கு, சாவியும் உங்ககிட்டதான இருக்கு. நீங்க காலி பண்றதா என்கிட்ட சொல்லவே இல்லையே" என்றார்.

கோபத்தில் போனை வைத்துவிட்டேன். ஆனால் கடைசியாக அவர் சொன்ன அந்த வாக்கியத்தில் சட்டப்படி விஷயம் இருக்கிறது என்பது பிறகு படிக்கப் படிக்கத்தான் புரிந்தது. வீட்டை விட்டு நாம் வெளியே வந்துவிடுவதும், வாடகை உறவு முடிவதும் வேறு வேறு. 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தில் 108ஆவது பிரிவில் இதற்கென்றே ஓர் உட்பிரிவு இருக்கிறது. தீ, புயல், வெள்ளம் போன்றவற்றால் வாடகைக்கு விட்ட சொத்தின் முக்கியமான பகுதி முழுக்க அழிந்துபோனாலோ, எதற்காக வாடகைக்கு எடுத்தோமோ அதற்கு நிரந்தரமாகவும் பெருமளவிலும் லாயக்கற்றுப் போனாலோ, வாடகைதாரர் விரும்பினால் ஒப்பந்தம் செல்லாததாகிவிடும். இதில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஒன்று, "வாடகைதாரர் விரும்பினால்". ஒப்பந்தம் தானாக முடியாது. எனக்கு இந்த வீடு வேண்டாம், முடித்துக்கொள்கிறேன் என்று நாம் தெரிவித்தால்தான் முடியும். நாம் பேசாமல் இருக்கும்வரை வீடு நம் பேரில்தான் ஓடிக்கொண்டிருக்கும், வாடகையும் சேர்ந்தே ஓடும்.

இரண்டாவது, "நிரந்தரமாக". சேறு அள்ளி, ஒயரிங் மாற்றி, வெள்ளையடித்தால் சரியாகிவிடும் என்கிற வீட்டுக்கு இந்த உட்பிரிவு பொருந்தும் என்று நீதிமன்றத்தில் நிறுவுவது கஷ்டம். 2020 ஊரடங்குக் காலத்தில் ஒரு கடை வாடகை வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் இதையேதான் சொன்னது. தற்காலிகமாகப் பயன்படுத்த முடியாமல் போனது இந்த உட்பிரிவுக்குள் வராது, அதை வைத்து வாடகையை நிறுத்திவைக்க முடியாது என்று. அதனால் வீட்டையும் விடமாட்டேன், ஆனால் சரியாகும்வரை வாடகையும் தரமாட்டேன் என்று நிற்பவர்களுக்குச் சட்டத்தின் துணை குறைவு. ஓனரிடம் பேசித்தான் குறைத்துக்கொள்ள வேண்டும். வீடே வேண்டாம் என்று முடிவெடுப்பவர்களுக்குப் பிடிமானம் கொஞ்சம் அதிகம்.

இந்த இடத்தில் வாட்ஸப்பில் சுற்றும் ஒரு செய்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெள்ளம் வந்தால் வீடு சரியாகும்வரை வாடகையே கேட்கக் கூடாது என்று மத்திய அரசு சட்டம் போட்டிருக்கிறது என்று எனக்கே மூன்று பேர் அனுப்பினார்கள். அது முழுப் பொய் இல்லை, ஆனால் நமக்கு உதவாது. 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட மாதிரி வாடகைச் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவு உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அது பெயருக்கேற்ப மாதிரிதான், மாநிலங்கள் தங்கள் சட்டமாக எடுத்துக்கொண்டால்தான் செல்லும். தமிழ்நாட்டுக்கு 2017ஆம் வருஷச் சட்டம் என்று தனியாக ஒன்று இருக்கிறது, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில். அந்த ஃபார்வேர்டை நம்பி ஓனரிடம் சட்டம் பேசப் போயிருந்தால் அவர் வக்கீல் ஒரே வரியில் என்னை உட்கார வைத்திருப்பார்.

நம் மாநிலச் சட்டத்தில் நமக்கு வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. எந்த ரிப்பேரை யார் பார்க்க வேண்டும் என்று அதில் ஓர் அட்டவணை போட்டிருக்கிறார்கள். கட்டடத்தின் அமைப்பு சார்ந்த ரிப்பேர், சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், குழாய் மாற்றுவது, உள்ளும் புறமும் மின் ஒயரிங் எல்லாம் ஓனர் பக்கம். டேப்புக்கு வாஷர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி மாதிரி சில்லறை வேலைகள் நம் பக்கம். ரிப்பேர் செய்யாமல் குடியிருக்கவே முடியாது என்ற நிலையில், செய்து தரச் சொல்லி நாம் எழுத்தில் கேட்டும் ஓனர் மறுத்தால், 15 நாள் நோட்டீஸ் எழுதிக் கொடுத்துவிட்டு நாம் வெளியேறிவிடலாம், இல்லையென்றால் வாடகை அதிகாரியிடம் போகலாம். காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும், நாம் பாக்கி வைத்திருப்பதை மட்டும் கழித்துக்கொண்டு. எல்லா இடத்திலும் "எழுத்தில்", "எழுத்தில்" என்றே வருகிறது பாருங்கள். மாடியில் நின்றுகொண்டு "சார், ஒயரிங் கொஞ்சம் பார்க்கணுமே" என்று நான் சொன்னதற்கும், அவர் "பார்க்கலாம்மா" என்றதற்கும் காகிதத்தில் மதிப்பே இல்லை.

அதனால் உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். வக்கீல் பாஷை எல்லாம் வேண்டியதில்லை. எந்தத் தேதியில் தண்ணீர் வந்தது, எவ்வளவு உயரம், எது எது கெட்டது, அன்றிலிருந்து வீட்டில் குடியிருக்க முடியவில்லை, இந்த இந்த ரிப்பேரை இத்தனை நாளுக்குள் செய்து தாருங்கள், முடியாதென்றால் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்கிறேன், அட்வான்ஸை இந்த வங்கிக் கணக்கில் போடுங்கள். ஒரே பக்கம். வாட்ஸப்பில் போட்டோ எடுத்து அனுப்பினேன், அதோடு ஒப்புகை அட்டை வைத்துப் பதிவுத் தபாலிலும் அனுப்பினேன். (2025இல் பதிவுத் தபாலை ஸ்பீட் போஸ்ட்டோடு இணைத்துவிட்டார்கள், இப்போது அனுப்புகிறவர்கள் ஸ்பீட் போஸ்ட்டிலேயே, கையெழுத்து வாங்கிக் கொடுத்ததற்கான அத்தாட்சி வேண்டும் என்று கேட்டு அனுப்புங்கள்.) உப்புமா கிண்டிப் போட்டவர்களுக்குத் தபாலில் நோட்டீஸ் அனுப்புகிறோமே என்று கவுன்டரில் நிற்கும்போது எனக்கு உள்ளுக்குள் என்னவோ செய்தது. ஆன்ட்டி போன் செய்து, "ஒரு வார்த்தை நேர்ல சொல்லியிருக்கலாமே" என்று வருத்தப்பட்டார். நேரில் சொன்னதெல்லாம் எங்கே போனது என்று நான் கேட்கவில்லை.

கடிதத்துக்குப் பலம் சேர்த்தது ஆதாரங்கள். சேற்றைக் கழுவுவதற்கு முன்பே வீடியோ எடுத்து வைத்திருந்தேன், தெருவில் ஆரம்பித்து, கேட், வாசல், ஹால் என்று ஒரே ஓட்டமாக, நடுவில் நிறுத்தாமல். சுவரில் தண்ணீர் நின்ற கோட்டின் மேல் டெய்லர் டேப்பை வைத்து ஒரு போட்டோ. ஈபி மீட்டரின் யூனிட் தெரிகிற மாதிரி ஒன்று. எல்லாவற்றையும்விட உபயோகப்பட்டது எலக்ட்ரீஷியன் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டுதான். பார்க்கக் கூப்பிட்டபோது, "மேடம், இதுல கரண்ட் விட்டா சுவரே அடிக்கும், மொத்தமா உருவி மாத்தணும்" என்றார். அதையே அவர் பில் புத்தகத்தில் தேதி போட்டு எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். வந்து பார்த்ததற்கு 500 ரூபாய் கொடுத்தேன். அந்த மாதம் நான் செலவழித்ததில் மிகவும் பிரயோஜனமான 500 ரூபாய் அதுதான். வீடு குடியிருக்க முடியாத நிலையில் இருந்தது என்பதற்கு நானும் ஓனரும் அல்லாத மூன்றாவது ஆளின் சாட்சி அது.

சாவி விஷயத்தில்தான் எல்லோரும் என்னைக் குழப்பினார்கள். "சாவியைக் கொடுத்துட்டா அட்வான்ஸ் வரவே வராது, பணம் கைக்கு வர்ற வரைக்கும் விடாத" என்று ஆபீஸில் சொல்லாதவர் இல்லை. சென்னை வழக்கமும் அதுதான், ஒரு கையில் சாவி, மறு கையில் பணம். சாதாரணமாகக் காலி செய்யும்போது அது சரி. ஆனால் வெள்ளத்தில் கெட்ட வீட்டின் சாவியை நாம் வைத்துக்கொண்டே இருந்தால், வீடு நம் வசம் இருக்கிறது என்றுதான் ஆகும். வாடகையும் ஏறும், நீங்கள் சாவி தராததால்தான் ரிப்பேர் செய்ய முடியவில்லை என்ற பேச்சும் வரும். நான் மிச்ச சாமான்களை முழுக்க எடுத்துவிட்டு, காலி வீட்டை வீடியோ எடுத்துவிட்டு, இன்ன தேதியில் இன்ன நேரத்துக்குச் சாவி தர வருகிறேன் என்று முன்கூட்டியே மெசேஜ் அனுப்பிவிட்டுப் போனேன். அவர் வாங்க மறுத்தார், கணக்கு முடித்துவிட்டு வாங்கிக்கொள்கிறேன் என்றார். சரி என்று திரும்பி வந்து, "இன்று சாவியோடு வந்தேன், நீங்கள் வாங்கிக்கொள்ளவில்லை, எப்போது கேட்டாலும் தரத் தயார்" என்று அன்றே மெசேஜ் போட்டேன். அவர் நீல டிக்கோடு விட்டுவிட்டார். ஜனவரி வாடகை என் தலையில் விழாமல் போனதற்கு அந்த மெசேஜ்தான் காரணம் என்று பின்னால் வக்கீல் சொன்னார்.

ஓனர் கடைசியில் ஒரு கணக்குக் கொடுத்தார். டிசம்பர், ஜனவரி வாடகை 28,000. பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை 14,000. ஒயரிங் 18,000. மோட்டார் 6,500. மொத்தம் 66,500 கழித்து எனக்கு 33,500. அன்று ராத்திரி தோழி வீட்டு பால்கனியில் உட்கார்ந்து அழுதேன். பொருளும் போய், மோட்டாருக்கும் நானே பணம் கட்ட வேண்டுமா?

வாடகை அதிகாரியிடம் போகலாம் என்று விசாரித்தேன். துணை ஆட்சியர் நிலையில் உள்ளவர்களை இதற்கென்று நியமித்திருக்கிறார்கள். ஆனால் நம் மாநிலத்தின் அந்த 2017 சட்டத்தின்படி ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு அதிகாரியிடம் பதிவு செய்திருக்க வேண்டும், அதற்கு அரசு இணையதளமே இருக்கிறது. எங்களுடையது பதிவாகாத, காலாவதியான 11 மாதக் காகிதம். அதை வைத்து அங்கே போனால் முதல் படியிலேயே இடிக்கும் என்றார்கள். தனி வக்கீலோ நோட்டீஸுக்கே 5,000 ரூபாய் கேட்டார். அப்போதுதான் ஆபீஸில் ஒரு அக்கா, இலவசச் சட்ட உதவி மையத்தைப் பற்றிச் சொன்னார். இது ஏழைகளுக்கு மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன். 1987ஆம் வருஷச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தில், யாருக்கெல்லாம் இலவச உதவி என்ற பட்டியலில் பெண்கள் இருக்கிறார்கள், அதற்கு வருமான வரம்பு கிடையாது. வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம் போன்றவற்றில் பாதிக்கப்பட்டவர்களும் பட்டியலில் இருக்கிறார்கள், ஆண்களும் சேர்த்துத்தான். நீதிமன்ற வளாகத்திலேயே அலுவலகம் இருக்கும், 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம்.

அங்கே வழக்கு போடுவதற்கு முன்பே சமரசத்துக்கு மனு கொடுக்கலாம். கோர்ட் கட்டணம் இல்லை. லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், பேசி முடித்தால் அந்த முடிவு சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அதன் மேல் அப்பீல் கிடையாது. மனு, கடிதத்தின் நகல், தபால் அட்டை, எலக்ட்ரீஷியன் சீட்டு, சாவி மெசேஜ் எல்லாவற்றையும் வைத்துக் கொடுத்தேன். ஓனருக்கு அழைப்பு போனது. தேதிக்கு முன்னாலேயே அவரிடமிருந்து போன் வந்துவிட்டது. குரலே மாறியிருந்தது. "கோர்ட்டு கேஸுன்னு எதுக்கும்மா, நம்மளே உக்காந்து பேசிக்கலாமே."

பேசினோம். ஒயரிங், மோட்டார் இரண்டையும் விட்டுவிட்டார். ஜனவரி வாடகையும் போனது. டிசம்பருக்குப் பாதி, 7,000, நான் ஒத்துக்கொண்டேன். பெயின்டிங் பணத்தை மட்டும் விடவே மாட்டேன் என்று பிடித்தார், ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது என்று. தண்ணீர் நாசம் செய்த சுவருக்கு என்னிடம் பெயின்ட் காசு வாங்குவது நியாயமே இல்லை, இன்றைக்கும் எனக்கு அது உறுத்துகிறது. ஆனால் அதற்காக இன்னும் சில மாதம் அலைய என்னிடம் தெம்பு இல்லை. 79,000 ரூபாய் இரண்டு தவணையில், வங்கிக் கணக்கிலேயே வந்தது. கணக்கு முடிந்தது என்று இருவரும் கையெழுத்துப் போட்ட காகிதம் ஒன்றை வாங்கிக்கொண்டுதான் சாவியைக் கொடுத்தேன்.

போன சாமான்களுக்கு ஓனரிடம் ஒரு பைசா கேட்க முடியாது, அவர் தவறால் வந்த வெள்ளம் இல்லையே. அதற்கு வழி காப்பீடு மட்டும்தான். வீட்டுக் காப்பீடு என்றால் சொந்த வீடு வைத்திருப்பவர்களுக்கு என்று நம்மில் பலர் விட்டுவிடுகிறோம். 2021 ஏப்ரலில் இருந்து பாரத் கிரஹ ரக்ஷா என்று ஒரே மாதிரியான பாலிசி வந்திருக்கிறது, வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுச் சாமான்களுக்கு மட்டும் எடுக்கலாம், வெள்ளமும் அதில் அடக்கம். இப்போது எடுத்திருக்கிறேன். அப்படியே ரேஷன் கார்டையும் குடியிருக்கும் முகவரிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அந்தப் புயலுக்கு அரசு கொடுத்த 6,000 ரூபாய் ரேஷன் கடை வழியாகத்தான் வந்தது. என் கார்டு ஊர் முகவரியிலேயே இருந்ததால் தெருவில் எல்லோரும் டோக்கனோடு வரிசையில் நிற்க, நான் விண்ணப்பம் எழுதிக்கொண்டு இருந்தேன்.

புது வீடு பார்த்தபோது புரோக்கரை நம்பவில்லை. தெருமுனை அயர்ன் கடைக்காரரிடம், 2015இலும் 2023இலும் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டேன். அவர் தள்ளுவண்டிச் சக்கரத்தைக் காட்டி, "இதுவரைக்கும், அதுக்கு மேல ஏறல" என்றார். முதல் மாடி எடுத்துக்கொண்டேன், வாடகை 2,500 அதிகம். ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து சேர்க்கச் சொன்னேன்: வெள்ளம், புயல், தீ போன்றவற்றால் வீடு குடியிருக்க முடியாமல் போனால், எழுத்தில் தெரிவித்த தேதியிலிருந்து சரியாகும்வரை வாடகை இல்லை; 30 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் நோட்டீஸ் காலம் இல்லாமல் காலி செய்யலாம், அட்வான்ஸ் முழுவதும் 15 நாளில் திரும்பும், பெயின்டிங் கழிவு கிடையாது. சட்டம் தெளிவாகத் தராததை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்ளலாம், இரண்டு பேரும் சம்மதித்தால் போதும். புது ஓனர் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு தரம் படித்தார். 30 நாளை 45 ஆக்கச் சொன்னார், ஆக்கினேன். பதிவும் செய்தாயிற்று.